காணி வாங்குமுன், கல் வைக்குமுன்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்' என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். அந்த முதுமொழியில் காணியை வாங்கிப்பார் என்றொரு சொல் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்களது காலத்தில் காணி பெரும்பாலும் முதுசமாகவோ சீதனமாகவோ கைக்கு வந்து சேர்ந்தது. வேலிக்கு இப்பால் யார், அப்பால் யார், எந்தத் துண்டு எந்த மகளுக்கு எழுதப்பட்டது என்பதை ஊரே அறிந்திருந்தது. உறுதிக்கு மேலாக ஊரின் ஞாபகமே சாட்சியாக நின்றது.

இன்று அந்த ஞாபகம் சிதறிப்போய்விட்டது. மூன்று தசாப்த காலப் போரும், 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும், மீண்டும் மீண்டும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளும் ஊர்களைக் கலைத்துப் போட்டன. அயலில் இருப்பவர் யாரென்றே தெரியாத இடத்தில், தரகர் ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பல இலட்சம் ரூபா கைமாறுகின்றது. அப்பணமோ பெரும்பாலும் மத்திய கிழக்கின் வெயிலிலும் மேலை நாடுகளின் இரவு வேலைகளிலும் உழைத்துச் சேர்த்த பணம். இழந்தால் மீண்டும் உழைத்துச் சேர்ப்பதற்கு வயது இடங்கொடாது. ஆகவே காணி வாங்குவோரும் வீடு கட்டுவோரும் அவசியம் அறிந்திருக்க வேண்டிய சில விடயங்களை இங்கு ஒழுங்குபடுத்திக் கூற முற்படுகின்றோம்.

ஓர் உதாரணம்

கிழக்கில் அடிக்கடி கேள்விப்படும் வகையிலான ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் அண்ணன், தங்கையின் திருமணத்துக்கு முன்னர் அவளுக்கென ஒரு வீடு அமைய வேண்டும் என்று பணம் அனுப்புகின்றார். கிழக்கில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். தகப்பனார் இருபது பேர்ச்சஸ் காணியொன்றை மலிவான விலைக்குப் பேசி முடிக்கின்றார். விற்பவர் ஓர் அனுமதிப்பத்திரத்தைக் காட்டுகின்றார். வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதிய கடிதத்தில் இருவர் சாட்சியாகக் கையொப்பமிடுகின்றனர். வீடு எழும்புகின்றது, திருமணமும் நடைபெறுகின்றது. பத்து ஆண்டுகளின் பின் விற்றவர் காலமாகின்றார். அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராகப் பெயர் குறிப்பிடப்பட்டிருந்த அவரது மகன் பிரதேச செயலகத்துக்குச் சென்று காணியைத் தன் பெயருக்கு மாற்றும்படி கோருகின்றார். சட்டத்தின் பார்வையில் அவர் கோருவதில் தவறில்லை. வீட்டில் குடியிருக்கும் பெண்ணின் கையில் இருப்பதோ ஒரு கடிதம் மாத்திரமே.

இங்கு எவரும் திட்டமிட்டு ஏமாற்றினார் என்று கூறமுடியாது. விற்றவரும் அக்காணியைத் தனது சொந்தக் காணி என்றே எண்ணியிருப்பார். காணிகள் யாவும் ஒரே வகையின அல்ல என்ற அடிப்படை உண்மையை இரு தரப்பினரும் அறியாமையே இதற்குக் காரணம்.

காணி எந்த வகையைச் சேர்ந்தது?

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று, வகையை. உறுதிக் காணி என்பது தனியாருக்கு முழுமையாகச் சொந்தமானது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படும் உறுதி மூலம் கைமாறக்கூடியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையானது எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லுபடியாகாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடைமுறையிலுள்ள இவ்விதியை மீறி எழுதப்படும் வெள்ளைத்தாள் உடன்படிக்கைகளுக்குக் காணியின் உரித்தை மாற்றும் வலு கிடையாது.

இரண்டாவது வகை, 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அரச காணி. வன்னியிலும் அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களின் குடியேற்றத் திட்டங்களிலும் இத்தகைய காணிகளே பெருமளவில் உள்ளன. இதில் அனுமதிப்பத்திரம் ஒரு கட்டம், அளிப்புப் பத்திரம் அதற்கடுத்த கட்டம். அனுமதிப்பத்திரக் காணியைத் தனியார் ஒருவர் தனது விருப்பப்படி விற்க முடியாது. அளிப்புக் காணியை மாற்றுவதற்கும் பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் அவசியம். எனவே பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குச் சென்று, பேரேட்டில் யாருடைய பெயர் உள்ளது, பின்னுரித்தாளர் யார், மாற்றம் அனுமதிக்கப்படக்கூடியதா என்று கேட்டறியாமல் ஒரு சதமேனும் கொடுத்தலாகாது. 'எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்' என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடாது.

மூன்றாவது வகை, 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ், 'பிம் சவிய' என்று அறியப்பட்ட திட்டத்தின் வழியாக உரித்துச் சான்றிதழ் வழங்கப்பட்ட காணி. இங்கு உறுதிகளின் சங்கிலித் தொடரை ஆராய்வதற்குப் பதிலாக, அரச பதிவேடே உரித்தின் சான்றாகின்றது. ஆயினும் சான்றிதழ் முதலாம் வகுப்பினதா இரண்டாம் வகுப்பினதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ், உரித்து இன்னும் முழுமை பெறவில்லை என்பதையே காட்டுகின்றது.

காணிப் பதிவகத்தில் ஒரு நாள்

உறுதிக் காணியாயின், விற்பவரின் கையிலுள்ள உறுதியைப் பார்ப்பது மட்டும் போதாது. அவருக்கு விற்றவர் யார், அவருக்கு அது எவ்வாறு வந்தது என்று குறைந்தது முப்பது ஆண்டுகளுக்காவது பின்னோக்கிச் சென்று ஆராய்வதே எமது சட்டத்தரணிகளின் வழக்கம். காணிப் பதிவகத்தில் அக்காணிக்குரிய பதிவேட்டுப் பக்கங்களின் பிரதிகளைப் பெற்றால், விற்பனை, நன்கொடை, ஈடு, குத்தகை, வழக்குப் பதிவு ஆகிய யாவும் அதில் வரிசையாகக் காணப்படும். தீர்க்கப்படாத ஈடு உள்ளதா, பங்கீட்டு வழக்கு நிலுவையில் உள்ளதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு முக்கிய விதியை நினைவில் வைத்தல் வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத உறுதியானது, அதற்குப் பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கப்பட்டு முதலில் பதியப்பட்ட உறுதியின் முன்னிலையில் வலுவிழந்து போகக்கூடும். அதாவது, இன்று நீங்கள் வாங்கி உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க, அதே காணியை அதே நபர் அடுத்த மாதம் இன்னொருவருக்கு விற்று, அவர் முந்திக்கொண்டு பதிந்துவிட்டால், முந்தி வாங்கிய நீங்கள் பிந்தியவராகிவிடுவீர்கள். ஆகவே உறுதி முடித்த பின்னர், பதிவு இலக்கம் இடப்பட்ட உறுதி கைக்கு வரும்வரை விடயத்தைக் கைவிடக்கூடாது. சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒரு தடவை பதிவேட்டைப் பார்வையிடுவது வீண்செலவன்று.

போர்க்காலத்தில் உறுதிகளைத் தொலைத்தவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுவது சட்டப்படியான கடமை. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றுள் எவையேனும் தெரிந்திருந்தால், சான்றுப்படுத்திய பிரதியைப் பெறுவதற்கு வழியுண்டு.

'ஆட்சி உறுதி' எனும் மயக்கம்

வடக்கிலும் கிழக்கிலும் பலர் ஏமாறும் இடம் இது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், பிறருடைய காணியைப் பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாக, இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிரான முறையில் ஆண்டவருக்கு நீதிமன்றத்தில் உரித்துக் கோரும் வாய்ப்பை வழங்குகின்றது. இதைப் பயன்படுத்திச் சிலர், 'நான் இக்காணியைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டு வருகின்றேன்' என்று தாமே கூறும் உறுதியொன்றை எழுதிப் பதிந்துவிட்டு, அடுத்த மாதமே அதை விற்பனைக்குக் கொண்டுவருகின்றனர். ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிய சாட்சியம் ஒருபோதும் உரித்தாகாது. ஆட்சி உரித்தை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றமே. நீதிமன்றத் தீர்ப்பின்றி ஆட்சி உறுதியை மாத்திரம் அடிப்படையாகக் கொண்ட காணியை வாங்குபவர், காணியுடன் வழக்கையும் சேர்த்தே வாங்குகின்றார்.

இதன் மறுபக்கமும் எமது சமூகங்களுக்கு மிக நெருக்கமானது. இடம்பெயர்ந்து சென்றவர்களின் காணிகளில் வேறொருவர் குடியிருந்த காலத்தை என்ன செய்வது என்ற கேள்வி நீண்டகாலம் நிலவியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலாவதி (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுவின் நடவடிக்கைகளால் தமது உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தோருக்குச் சலுகை அளிப்பதற்காக இயற்றப்பட்டது. எனினும் அச்சலுகையை என்றென்றைக்கும் நம்பியிருக்க இயலாது. போர் முடிந்து பத்து ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. வெளிநாட்டிலோ கொழும்பிலோ புத்தளத்திலோ வாழ்ந்துகொண்டு சொந்த ஊரில் காணியைப் பற்றையாக விட்டிருப்போர், எல்லையை அளந்து, வேலியடைத்து, வரியைத் தம் பெயரில் செலுத்தி, பராமரிப்பவரிடம் தமது அனுமதியுடனேயே இருக்கின்றார் என்பதை எழுத்தில் பெற்று வைப்பது அவசரக் கடமையாகும்.

பங்கும் பாதையும்

'பிரிக்கப்படாத பங்கு' என்று உறுதியில் காணப்படின் அங்கு சற்று நின்று நிதானிக்க வேண்டும். அரை ஏக்கரில் நான்கில் ஒரு பங்கு என்பது அக்காணியின் எந்த மூலை என்பதை உறுதி சொல்லாது. பங்காளர் அனைவரும் உடன்பட்டுப் பிரிவினை உறுதி எழுதினால் நல்லது. இல்லையேல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர வேண்டும். பங்கீட்டு வழக்கு, தொடங்கியவரின் பிள்ளைகள் காலத்தில் முடிவதும் உண்டு.

நில அளவைப் படம் அண்மையில் தயாரிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு நிலத்தில் எல்லைக் கற்களைக் காட்டச் செய்து, உறுதியின் அட்டவணையிலுள்ள எல்லைகளுடன் ஒப்பிட வேண்டும். அளவுகளிலும் குழப்பம் நேர்வதுண்டு. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. யாழ்ப்பாணத்துப் பரப்பு ஒன்று 18 குழி, அதாவது 10 பேர்ச்சஸ். எனவே இரண்டு பரப்புக் காணி 5,445 சதுர அடி. தரகர் கூறும் பரப்பையும் படத்திலுள்ள பரப்பளவையும் தாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பாதையைப் பற்றிய கேள்வியும் இங்கே எழுகின்றது. கண்ணால் காணும் ஒழுங்கை, படத்திலும் உறுதியிலும் பாதை உரிமையாக எழுதப்பட்டுள்ளதா? அயலவரின் நல்லெண்ணத்தால் நடந்து செல்லும் பாதை, அயலவர் மாறினால் அடைபட்டுவிடும். சீமெந்து ஏற்றிய பாரவூர்தி உட்செல்ல முடியாத ஒழுங்கை, கட்டடச் செலவையும் அதிகரிக்கச் செய்யும்.

தேசவழமையும் முஸ்லிம் சட்டமும்

வட மாகாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட காணியை வாங்குவோர், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்னீட்டுரிமைக் கட்டளைச் சட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும். அதன்படி, பங்காளர்களுக்கும், விற்பவர் மரணசாசனமின்றி இறந்தால் அவருக்கு உரித்தாளராகக் கூடியோருக்கும், வெளியாருக்கு முன்னர் அக்காணியை வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்படாவிடின், விற்பனை முடிந்த பின்னரும் வழக்கு எழலாம். அத்துடன் முதுசமா, சீதனமா, திருமணத்தின் பின் தேடிய தேட்டமா என்பதைப் பொறுத்து வாழ்க்கைத் துணையின் உரிமை வேறுபடும். ஆகவே கணவன், மனைவி இருவரது கையொப்பத்தையும் உறுதியில் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பானது.

முஸ்லிம்களின் மரணசாசனமற்ற உரித்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, இறந்தவர் சார்ந்த மத்ஹபின் சட்டத்தால் ஆளப்படுகின்றது. ஒருவர் மறைந்ததும் மனைவி, ஆண் மக்கள், பெண் மக்கள், சில வேளைகளில் பெற்றோர் ஆகிய யாவருக்கும் பங்கு சேர்கின்றது. எனவே மூத்த மகன் மட்டும் கையொப்பமிட்டு விற்கும் வாப்பாவின் காணியில், ஏனையோரின் பங்கு விற்கப்படவில்லை என்பதே பொருள். குறிப்பாகச் சகோதரிகளின் பங்கு இவ்வாறு மறக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் மௌனமாக இருப்பதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. எச்சமூகமாயினும், பதினெட்டு வயது நிரம்பாத உரித்தாளர் ஒருவரேனும் இருப்பின் நீதிமன்ற அனுமதியின்றி அவரது பங்கை வாங்குவது ஆபத்தானது. பள்ளிவாசலுக்கோ தர்மத்துக்கோ வக்பு செய்யப்பட்ட காணியாயின், அதை வாங்கும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

பெற்றோர் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தமது சீவிய உரித்தை ஒதுக்கிக்கொள்வது முதுமைக்கால அவமானங்களைத் தவிர்க்கும். அவ்வாறே, அத்தகைய காணியை மகளிடமிருந்து வாங்குபவர் பெற்றோரும் கையொப்பமிடுகின்றனரா என்று பார்க்க வேண்டும். சீவிய உரித்து நிலைத்திருக்கும்வரை வாங்கியவர் குடிபுக முடியாது.

வெளிநாட்டுப் பணமும் அற்றோணித் தத்துவமும்

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டத்தின்படி, வெளிநாட்டுப் பிரசை ஒருவருக்கு இலங்கையில் காணியின் உரித்தை மாற்றுவது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. இரட்டைப் பிரசாவுரிமை உடையோருக்கு இத்தடை இல்லை. கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிரசாவுரிமை பெற்று, இலங்கைப் பிரசாவுரிமையை மீளப் பெறாத உறவினர் தமது பெயரில் காணி எழுத முடியாமல், சகோதரரின் பெயரில் எழுதி வைப்பதுண்டு. சட்டத்தின் பார்வையில் அது சகோதரரின் காணியாகவே தோன்றும். நாளை அவர் மறைந்தால் அவரது பிள்ளைகளுக்கே சேரும். பாசத்தின் பேரில் செய்யப்படும் இத்தகைய ஏற்பாடுகள் குடும்பங்களைப் பிரித்த கதைகள் ஏராளம். இரட்டைப் பிரசாவுரிமையை முதலில் பெற்று, அதன் பின் காணியைப் பற்றிச் சிந்திப்பதே முறை.

அற்றோணித் தத்துவத்தின் பேரில் ஒருவர் காணி விற்க வந்தால், தத்துவம் பதியப்பட்டுள்ளதா, இரத்துச் செய்யப்பட்டுள்ளதா, அதில் விற்பதற்கு அதிகாரம் வழங்கப்பட்டுள்ளதா, அதைக் கொடுத்தவர் இன்றும் உயிருடன் உள்ளாரா என்று நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கொடுத்தவர் இறந்த கணத்திலேயே தத்துவமும் முடிவுக்கு வருகின்றது. காணொளி அழைப்பில் உரிமையாளருடன் நேரில் பேசுவது இன்று எவருக்கும் இயலக்கூடிய காரியமே.

கட்டலாமா என்பது வேறு கேள்வி

உரித்து நன்றாக இருப்பினும், அக்காணியில் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று கொள்ள முடியாது. வயற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் எழுத்துமூல அனுமதி தேவை. கரையோர வலயத்தில், பொதுவாக உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை, கட்டடங்களுக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மலையகத்தின் மண்சரிவு அபாய மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை அவசியம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகள் மண்ணில் புதையுண்டதையும், 2025 நவம்பரில் 'டித்வா' புயலுடன் வந்த பெருமழையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதையும் கண்ட பின்னர், இவ்வனுமதியை வெறும் கடதாசி என்று எவரும் எண்ணமாட்டார்.

உள்ளூராட்சி மன்றத்தில் வீதிக் கோட்டுச் சான்றிதழைப் பெற்றால், எதிர்கால வீதி அகலிப்பில் காணியின் எவ்வளவு பகுதி பாதிக்கப்படும் என்பது தெரியவரும். ஆதன வரி நிலுவை உண்டா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி பெற்றுக் கட்டி முடித்த பின், இணக்கச் சான்றிதழையும் பெற வேண்டும். பலர் இதை அலட்சியம் செய்துவிட்டு, வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ செல்லும்போது திண்டாடுகின்றனர்.

காணியைப் பார்ப்பதற்கு உகந்த காலம் கார்த்திகை, மார்கழி மாதங்கள். சித்திரை வெயிலில் எல்லாக் காணியும் மேட்டுக்காணியே. மாரி மழையில் நீர் எங்கு தேங்குகின்றது, எவ்வழியே வடிகின்றது என்பதை அயலிலுள்ள முதியவர் ஒருவர் கூறும் சொல், விளம்பரத் துண்டுப்பிரசுரத்தைவிட நம்பகமானது. அவர் காட்டும் வெள்ள மட்டத்துக்கு மேலாகவே வீட்டின் தளம் அமைதல் வேண்டும்.

கிணறும் குழியும், சீமெந்தும் நீரும்

நிலையம் எடுப்பதற்கு நாள் பார்க்கும் நாம், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பார்ப்பதில்லை. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி ஐம்பது அடி. பத்துப் பேர்ச்சஸ் காணியொன்று ஏறத்தாழ 45 அடிக்கு 60 அடி அளவினது. எனவே எமது கிணற்றிலிருந்து ஐம்பது அடி விட்டால் அயலவரின் கிணற்றடியில் குழி அமையக்கூடும். சுண்ணாம்புக்கல் நிலமான யாழ். குடாநாட்டிலும், மணற்பாங்கான நெருக்கமான கிழக்குக் கரையோர நகரங்களிலும் கழிவுநீர் விரைவாக நிலத்தடி நீருடன் கலக்கின்றது. அயலவர்களுடன் பேசி, குழிகள் யாவும் ஒருபுறமும் கிணறுகள் மறுபுறமும் அமையுமாறு செய்வதும், அடிமூடிய முறையான கழிவுத்தாங்கி கட்டுவதும் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்கான முதலீடு.

கட்டடத்தில் பணத்தைச் சேமிக்கக் கூடாத இடங்கள் அத்திவாரம், கம்பி, கூரை ஆகிய மூன்றுமாம். அழகு வேலைகளைப் பின்னர் செய்யலாம். அத்திவாரத்தைப் பின்னர் செய்ய இயலாது. நிரப்பிய மண்ணில் உடனே சுவர் எழுப்பினால் வெடிப்பு நிச்சயம். கொங்கிறீற்றுக் கலவையில் வேலை இலகுவாகும் பொருட்டு நீரை அதிகம் ஊற்றுவது மேசன்மாரிடையே காணப்படும் பழக்கம். அது கொங்கிறீற்றின் பலத்தைக் குறைக்கின்றது. இட்ட பின்னர் குறைந்தது ஏழு நாட்களுக்கு ஈரம் காயாது நீர் ஊற்றுவதே அதன் பலத்தைக் கூட்டுகின்றது. உவர் நீரும், கழுவப்படாத கடல் மணலும் உள்ளேயுள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, சில ஆண்டுகளில் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும்.

ஒப்பந்தக்காரருடன் எழுத்துமூல உடன்படிக்கை செய்து, அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக, முடிந்த வேலைக்கே பணம் செலுத்த வேண்டும். கடைசியில் ஒரு சிறு தொகையை ஒரு மாரிகாலம் கழியும்வரை பிடித்து வைத்தல் நன்று. ஒழுக்கு இருப்பின் அப்போது தெரிந்துவிடும். மதிப்பிட்ட செலவுக்கு மேலாகப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை ஒதுக்கி வைக்காமல் வேலையை ஆரம்பிப்பவர், பெரும்பாலும் கதவு வைக்கும் கட்டத்தில் கடன் தேடி அலைகின்றார்.

காணி எப்போதும் இலாபமா?

'காணி விலை ஒருபோதும் இறங்காது' என்பது தரகர்களின் தாரக மந்திரம். பணவீக்கம் உயரும்போது ரூபாவின் பெறுமதி குறைந்து காணியின் விலை கூடுவது போலத் தோன்றுவது உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்திருந்தது. அக்காலத்தில் கடன் வட்டி வீதங்களும் முன்னெப்போதும் இல்லாதவாறு உயர்ந்தன. இருபது ஆண்டுகளில் செலுத்தும் வகையில் 50 இலட்சம் ரூபாவை 12 சதவீத வட்டிக்குக் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 55,000 ரூபா. அதே கடனுக்கு வட்டி 24 சதவீதமானால் தவணை ஒரு இலட்சத்தைத் தாண்டிவிடும். மாறும் வட்டிக்குக் கடன் பெற்றுக் காணி வாங்கியோர் பட்ட துன்பத்தை நாம் மறத்தலாகாது. வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம்கள் முஷாரகா, இஜாரா போன்ற முறைகளை நாடும்போதும், தவணை மாறுபடுமா, முன்கூட்டித் தீர்த்தால் என்ன நிபந்தனை என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பெயர் மாறுவதால் தவணையின் சுமை மாறிவிடாது.

காணி அவசரத்துக்கு விற்க முடியாத சொத்து. வைத்தியச் செலவுக்கோ கல்விக்கோ உடனே பணம் தேவைப்படும்போது, அவசரத்தை அறிந்த வாங்குபவர் பாதி விலைக்குக் கேட்பார். எனவே கையிலுள்ள முழுச் சேமிப்பையும் மண்ணில் போடுவது முதலீடு ஆகாது. வாங்கும் விலைக்கு மேலாக முத்திரை வரியும் உண்டு. மாகாணங்களின் வழக்கப்படி விற்பனை உறுதிக்குப் பொதுவாக முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் அறவிடப்படுகின்றன. 40 இலட்சம் ரூபா காணிக்கு இது 159,000 ரூபா. இதைக் குறைக்கும் நோக்கில் உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோர், பின்னர் விற்கும்போது 2018 ஏப்ரலில் மீண்டும் நடைமுறைக்கு வந்த மூலதன ஆதாய வரியைக் கூடுதலாகச் செலுத்த நேரிடலாம் என்பதை மறந்துவிடுகின்றனர். வழக்கென்று வந்தால் உறுதியிலுள்ள விலையே பேசும். மேசைக்குக் கீழ் கொடுத்த பணம் பேசாது.

முடிவாக

வகையை அறிதல், பதிவேட்டை ஆராய்தல், நிலத்தை அளத்தல், உரித்தாளர் அனைவரையும் காணல், கட்ட அனுமதியை உறுதிப்படுத்தல், அதன் பின்னரே அச்சாரம் கொடுத்தல் என்பதே சரியான ஒழுங்கு. எமது ஊர்களில் நடப்பதோ இதன் தலைகீழ். முதலில் அச்சாரம், பின்னர் சந்தேகம், இறுதியில் சட்டத்தரணி. தரகர் காட்டும் நொத்தாரிசை விடுத்து, தாமே தெரிவுசெய்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆவணங்களைக் கொடுத்து எழுத்துமூல அபிப்பிராயம் பெறுவதற்கு ஆகும் செலவு, காணி விலையில் மிகச் சிறு பங்கே.

ஊரின் ஞாபகம் சிதறிய இக்காலத்தில், அந்த ஞாபகத்தின் இடத்தில் நிற்கக்கூடியவை கடதாசிகளே. எமது பெற்றோர் இடம்பெயர்ந்து ஓடியபோது அரிசி மூட்டையை விட்டுவிட்டு உறுதிப் பெட்டியைத் தூக்கிச் சென்றதன் பொருள் இதுதான். இன்று ஓட வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை ஒரு தடவை முழுமையாக வாசித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காலம் வாய்க்கப் போவதில்லை.